சீர் செய்ய வந்த மேஜர்

என் அண்ணனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எல்லோரும் தண்ணீரில்தான் தொடங்குவார்கள். தான்சானியாவில் எத்தனையோ ஊர்களுக்கு இலவசமாக போர்வெல் போட்டுக் கொடுத்தவர், பள்ளிக்கூடம் கட்டியவர், அதற்கு முன்னால் ராணுவத்தில் மேஜராக இருந்தவர் என்று வரிசையாக வரும். எனக்குப் பெருமையாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு காலத்தில் அதே பேச்சைக் கேட்டால் எனக்கு உடம்பெல்லாம் எரியும். பெருமையும் எரிச்சலும் ஒரே வயிற்றில் சேர்ந்து கிடக்காது என்று யார் சொன்னது? என் வயிற்றில் பல வருஷம் கிடந்தன.

அப்பா கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் கொஞ்சம் தென்னையும் கொஞ்சம் மானாவாரியும் வைத்திருந்தவர். நாங்கள் இரண்டே பேர். அண்ணன் கோயமுத்தூரில் கல்லூரி முடித்ததும் தோட்டத்தைப் பார்த்துக்கொள்வார் என்று அப்பா நினைத்திருந்தார். அவரோ சொல்லாமல் கொள்ளாமல் ராணுவத்துக்கு எழுதிப் போட்டு, அதிகாரியாகத் தேர்வாகி, பெட்டி படுக்கையோடு போத்தனூரில் ரயில் ஏறிவிட்டார். அப்பா ஒரு மாதம் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு சந்தையில் யாராவது "பையன் எங்கீங்க?" என்று கேட்டால் "ஆபீசருங்க" என்று சொல்ல ஆரம்பித்தார். அதைச் சொல்வதற்காகவே மனுஷன் சந்தைக்குப் போகிறார் என்று அம்மா கேலி செய்வாள்.

அண்ணன் இருந்தது ராணுவத்தில் பாலம் கட்டுகிற, பாதை போடுகிற பிரிவு. ராஜஸ்தான் பாலைவனத்தில் படை தங்கும் இடங்களில் தண்ணீருக்கு போர் போட வேண்டும். அந்த வேலையை அங்கேதான் கற்றுக்கொண்டார். லீவில் வரும்போது மணலுக்கு அடியில் முதல் தண்ணீர் வருவதைப் பற்றித்தான் பேசுவார். எல்லையைப் பற்றியோ துப்பாக்கியைப் பற்றியோ ஒரு வார்த்தை வராது.

எனக்குக் கல்யாணமானது பக்கத்து ஊரில், தென்னந்தோப்புக்காரர் ஒருவரோடு. ஒரு மகள் பிறந்தாள். என் வீட்டுக்காரர் சாது. நான் நாலு வார்த்தை கத்தினால் அவர் ஒரு வார்த்தையில் என்னைச் சிரிக்க வைத்துவிடுவார். அந்த வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை, ஒன்றைத் தவிர. அந்த ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் எங்கள் பக்கத்து வழக்கத்தைச் சொல்ல வேண்டும்.

எங்கள் சனத்தில் எழுதிங்கள் சீர் என்று ஒன்று உண்டு. கல்யாணமான பெண்ணுக்குப் பிறந்த வீட்டார், அதிலும் கூடப்பிறந்தவன், முன்னால் நின்று செய்ய வேண்டியது. அது ஆன பிறகுதான் அவள் நாலு வீட்டு நல்லது கெட்டதில் சீர்த் தட்டைத் தொடலாம், மணமக்களை வாழ்த்தலாம். ஆகாதவள் எவ்வளவு வயதானாலும் தள்ளித்தான் நிற்க வேண்டும். புருஷன் உயிரோடு இருக்கும்போதே அது நடந்தாக வேண்டும். புருஷன் போய்விட்டால் அவளுக்கு அது ஆயுசுக்கும் கிடையாது.

எனக்கு ஆகவில்லை. முதல் தடவை நாள் குறித்தபோது அண்ணனுக்கு லீவு ரத்து. அடுத்த தடவை அப்பா படுத்த படுக்கை. அப்புறம் அப்பாவே போய்விட்டார்.

அப்பாவின் சாவுக்கு அண்ணன் உடுப்போடுதான் வந்து இறங்கினார். மாற்றிக்கொள்ள நேரமில்லை. தோள்பட்டையில் பித்தளை மின்ன, ஆறடி உயரத்தில் அவர் நடந்து வந்தபோது கூட்டம் தானாக வழி விட்டது. கொள்ளி வைத்தார், காடு போய் வந்தார், எல்லாம் சரியாகச் செய்தார். அதற்கடுத்த நாள் அம்மாவை உட்கார வைத்துப் பூவும் பொட்டும் வைத்து, பிறகு ஒவ்வொன்றாக எடுத்தார்கள். அண்ணன் உள்ளே வரப் பார்த்தார். "நீங்க வெளிய இருங்க சாமி, இது பொம்பளைங்க காரியமுங்க" என்றாள் ஒரு கிழவி. நூற்றுக்கணக்கான ஆட்களை நட என்றால் நடக்க வைத்த மனுஷன் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். நான் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அப்படி வெளுத்துப்போய் நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை.

அடுத்த வருஷமே ராணுவத்தை விட்டார். தான்சானியாவில் யாரோ ஒரு குஜராத்திக்காரருடைய கம்பெனியில் மேலாளராகப் போனார். கொஞ்ச நாளில் தனியாகத் தொழில் தொடங்கினார். கோயமுத்தூர் மோட்டார்களை வாங்கி அங்கே விற்றார். திருச்செங்கோட்டிலிருந்து ஒரு போர் லாரியைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார். உழைப்புக்கு அஞ்சாதவர், கை ராசியும் சேர்ந்துகொண்டது. அந்த ஊரில் சில இடங்களில் புருஷன் செத்தால் அவன் சொந்தக்காரர்கள் நிலத்தைப் பிடுங்கிக்கொண்டு பெண்டாட்டியை விரட்டிவிடுவார்களாம். அண்ணன் அப்படிப்பட்ட பெண்களுக்குத் துண்டு துண்டாக இடம் வாங்கி, அதில் போர் போட்டு, கிணற்றை அவர்கள் பேருக்கே எழுதி வைத்தார். ஊரே அவளிடம் வந்துதான் தண்ணீர் எடுக்க வேண்டும். யார் அவளை விரட்டுவது? கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது. என்ன யோசனை பாருங்கள்.

அம்மாவையும் கூப்பிட்டார். அம்மா ஒரு தடவை போனாள், அந்த மலை ஊர் குளிருகிறது என்றாள், பாஷை தெரியவில்லை என்றாள், திரும்பி வந்து எங்கள் தோட்டத்து வீட்டிலேயே இருந்துவிட்டாள். மகள் வீட்டுச் சோறு தின்கிறோமே என்ற கூச்சத்தில் காலையில் எழுந்தது முதல் ஏதாவது ஒரு வேலையை இழுத்துப் போட்டுக்கொள்வாள். வீட்டில் விசேஷம் என்றால் மட்டும் பொடக்காளிப் பக்கம், அதுதான் வீட்டுக்குப் பின்னால், போய் உட்கார்ந்துகொள்வாள். யாரும் சொல்ல வேண்டியதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் என் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போயின. கோயமுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வாரத்துக்கு இரண்டு தடவை மிஷினில் படுக்க வேண்டும். உக்கடத்தில் பஸ் மாறிப் போய், சாயங்காலம் வெளுத்த முகத்தோடு திரும்புவார். "ரத்தத்தைத் துவைச்சுக் காயப் போட்டுப் பொறவு உள்ள ஊத்தறாங்க புள்ள. வெளுக்காம என்ன பண்ணும்?" என்பார். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ரொம்ப நாள் ஓடாது என்று சொல்லிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் என் கொழுந்தனார் மகளுக்குக் கல்யாணம் வந்தது. கூட்டத்தில் ஒருத்தி கை நிறையத் தட்டுகளோடு தடுமாறுகிறாளே என்று நான் ஒன்றை வாங்கினேன். பக்கத்தில் நின்ற பெரியம்மா ஒருத்தி சிரித்த முகத்தோடு அதை என் கையிலிருந்து எடுத்தாள். "போச்சாது கண்ணு, பரவாயில்லை, நீ வெச்சுரு. எழுதிங்க ஆனவிங்க எடுக்கட்டும்" என்றாள். எங்கள் ஊரில் கன்னத்தில் அறைவதென்றாலும் கண்ணு சொல்லித்தான் அறைவார்கள். நான் அந்தப் பந்தலிலேயே முடிவு செய்தேன். என் வீட்டுக்காரர் கண் மூடுவதற்குள் எனக்கு இந்தச் சீர் ஆகியே தீர வேண்டும். அவர் இருந்து பார்க்க, நான் ஒரு நாளாவது முன்னால் நிற்க வேண்டும். பைத்தியக்காரத்தனம் என்று படித்தவர்கள் சொல்லலாம். சொல்லிவிட்டுப் போகட்டும்.

சீருக்கு வரச் சொல்லி அண்ணனுக்கு எழுதினேன். பதிலுக்கு அவர் அந்த ஆஸ்பத்திரிக்குப் புது மிஷின்களை வாங்கிக் கொடுத்தார், ஏழைகளுக்கு இலவசமாக ஓட்ட வேண்டும் என்ற ஏற்பாட்டோடு. அதைத் தொடங்கி வைக்க நேரில் வந்தார். மாலை, சால்வை, பேப்பர்காரர்கள். நர்ஸ் பெண்கள் என்னிடம் வந்து, "மேஜர் தங்கச்சிங்களா நீங்க? கொடுத்து வெச்சவங்க" என்றார்கள். அட கெரகமே என்று நினைத்துக்கொண்டேன். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். ஊரான் பிள்ளைகள் எல்லாம் கொழுகொழுவென்று வளர்ந்துகொண்டிருந்தன.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் சாப்பிட்டார். அம்மா பரிமாறிவிட்டு அடுப்படிக்குப் போனதும் நேராகக் கேட்டேன்.

"அண்ணா, சீர் எப்பங்க வெச்சுக்கலாம்?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, "என்னால ஆகாது அம்மணி" என்றார்.

"ஏனுங்க?"

"அம்மாளைப் பொடக்காளியில ஒக்கார வெச்சுப்போட்டு, உன்னைய மனையில ஒக்கார வெச்சு நான் சீர் செய்யோணுமா? பெத்தவ நிழல் படக்கூடாதுங்கிற சீர் நமக்கு எதுக்கு? அப்பா போனப்ப நான் வாசல்ல நின்னதை நீ பார்த்தீல்ல. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். இந்த மாதிரி சடங்குக்கு நான் கை குடுக்க மாட்டேன்."

அவர் சொன்னது நியாயம். நியாயம் என்று தெரிந்ததால்தான் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆயிரம் வந்தாலும் ஆத்திரம் ஆகாது என்று எனக்கும் தெரியும். ஆனால் உள்ளே திண்ணென்று அடைத்துக்கொண்டிருந்ததை எத்தனை நாள்தான் விழுங்குவது?

"அன்னைக்கு வாசல்ல நின்னீங்க. இன்னைக்கு வரைக்கும் வாசல்லதானுங்கண்ணா நிக்கறீங்க" என்றேன். "அந்த வாசல்ல இருந்து அப்படியே கப்பலேறிப் போயிட்டீங்க. அங்க போயி மூஞ்சி தெரியாத பொம்பளைங்களுக்கெல்லாம் கெணறு வெட்டி எழுதி வெச்சீங்க. நல்லதுங்க, சாமி காப்பாத்தட்டும். நம்ம அம்மாளை ஒருக்கா, ஒரே ஒருக்கா, கையைப் புடிச்சு முன்னால கூட்டியாந்திருக்கீங்களா? அது முடியலை. அதுக்கு நாலு பேர் மூஞ்சியைப் பார்க்கோணுமே. எனக்குச் சீர் செய்யறதில்லைன்னா மட்டும் அம்மா முன்னால வந்துருவாங்களா?"

அண்ணன் பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டார். அப்படி அவர் எழுந்து நான் பார்த்ததில்லை. மறுநாள் விடிந்ததும் கார் வந்தது, போய்விட்டார். அம்மா எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். என்னிடம் வந்து, "நான் எங்க ஒக்காந்தா என்ன கண்ணு? எனக்குப் பொடக்காளிதான் காத்தாட இருக்குது. அவனைச் சீர் செய்யச் சொல்லு" என்றாள். அதைக் கேட்டதும் எனக்கு என் மேலேயே வெறுப்பு வந்தது.

அதற்கு மேல் நான் அண்ணனிடம் கேட்கவில்லை. கேட்டது என் வீட்டுக்காரர். ஒரு நாள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது கிணத்துக்கடவு பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருந்த டெலிபோன் பூத்துக்குள் போனார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே பையைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். கதவு சரியாகச் சாத்தாததால் அவர் பேசியது கேட்டது.

"மச்சான், நானுங்க. நல்லாத்தான் இருக்கறனுங்க, உங்க புண்ணியத்துல மிஷினெல்லாம் புதுசுங்க. ஆனா மிஷினு என்ற ரத்தத்தைத்தானுங்க சுத்தம் பண்ணுது. இவ வெசனத்தை என்னங்க பண்ணும்? நான் போறதுக்கு முன்னால இவ மனையில ஒக்காந்து பார்த்துப்போட்டுப் போறனுங்க. உங்களுக்குப் புடிக்காதது எனக்குத் தெரியுமுங்க. உங்களுக்குப் புடிச்ச மாதிரி செய்யுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டனுங்க."

வெளியே வந்தவர் என் முகத்தைப் பார்த்து, "என்ன ஒட்டுக் கேக்கறயா? பையைக் குடு" என்றார். பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வீடு வரைக்கும் அழுதேன்.

அண்ணன் வந்தார். அண்ணியையும் அழைத்து வந்தார். அண்ணி வடக்கே பிறந்தவர், எங்கள் வழக்கம் ஒன்றும் தெரியாது. யார் எதைச் சொன்னாலும் கவனமாகக் கேட்டுக்கொள்வார். சீர் எங்கே நடப்பது, யார் வீட்டில் என்பதையெல்லாம் என் வீட்டுக்காரரின் உடம்பைப் பார்த்துப் பெரியவர்கள் விட்டுக்கொடுத்துவிட்டார்கள். எங்கள் தோட்டத்து வீட்டிலேயே பந்தல் போட்டார்கள். சீரை நடத்தி வைக்க அருமைக்காரப் பெரியவர் வந்தார். அண்ணனுக்கு எல்லாமே புதிது என்றாலும் முதல் நாளே உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். வேட்டி கட்டி, தலையில் உருமால் சுற்றிக்கொண்டு, புடவைத் தட்டைத் தூக்கிக்கொண்டு அவர் நடந்து வந்தபோது அணிவகுப்பில் வருவது போலத்தான் இருந்தது. என் வீட்டுக்காரர் பக்கத்து நாற்காலியிலிருந்து குனிந்து, "லெப்ட் ரைட் ஒண்ணுதான் பாக்கி" என்று என் காதில் சொன்னார். மனையில் உட்கார்ந்துகொண்டு சிரிக்கவும் முடியாமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

எல்லாம் நல்லபடியாக நடந்துகொண்டிருந்தது. சீர் ஆன பெண்கள் ஒவ்வொருவராக வந்து அறுகம்புல்லைப் பாலில் தோய்த்து என் தலையில் வைத்து வாழ்த்த வேண்டிய நேரம் வந்தது. "வாங்க அம்மணிகளா" என்று பெரியவர் கூப்பிட்டார். அப்போது அண்ணன், "சித்தெ இருங்க" என்றார். பந்தலை விட்டு வெளியே போனார். வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போவது தெரிந்தது. எனக்குப் புரிந்துவிட்டது.

அம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். அம்மா வர மாட்டேன் என்று பின்னால் இழுக்கிறாள். அவர் விடவில்லை. வெள்ளைச் சேலையும் வெறும் நெற்றியுமாக அம்மா பந்தலுக்குள் வந்ததும் பேச்சு நின்றுபோனது. ஒருத்தி மெதுவாக, "ஆகாதுங்க மேஜரு" என்றாள். அண்ணன் அவளைப் பார்க்கவே இல்லை.

அவர் என்னைத்தான் பார்த்தார். நான் கேட்ட கேள்விக்குப் பதிலைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். எனக்குச் சந்தோஷம் என்று சொன்னால் பொய். எனக்குப் பயம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்கு உயிர் நூலில் தொங்குகிறது. காலம் காலமாக எல்லோரும் சொன்னது ஒருவேளை உண்மையாக இருந்துவிட்டால்? வாயைத் திறந்து வாங்கம்மா என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

என் வீட்டுக்காரர்தான் சொன்னார். "வாங்கத்தே. மொதல்ல நீங்க வெய்யுங்க. என்ற தலையிலயும் வெய்யுங்க."

அருமைக்காரப் பெரியவர் பந்தல் கூரையை ஒரு தடவை பார்த்தார். பிறகு பால் கிண்ணத்தை அம்மா பக்கம் நகர்த்தினார். அம்மா வைத்த அறுகம்புல்லிலிருந்து பால் என் நெற்றியில் வழிந்தது. அடுத்து மாப்பிள்ளையின் தலையில் வைத்தாள். வைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பாதிப் பேர் சாப்பிடாமலே போனார்கள். எங்கள் பக்கத்தில் அதைவிடப் பெரிய அடி கிடையாது. ஆக்கிய சோற்றைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கும் வழியில் போகிறவர்களுக்கும் கொடுத்துத் தீர்த்தோம். அண்ணன் அன்றைக்கு ரொம்ப லேசாக இருந்தார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பாயசம் இரண்டு தடவை வாங்கிக் குடித்தார். அடுத்த வாரம் விமானம் ஏறினார்.

அதற்குப் பிறகு எங்களுக்கு ஒரு நல்ல காலம் இருந்தது, சின்னக் காலம். என் வீட்டுக்காரர் காலையில் கட்டிலிலிருந்து, "எழுதிங்கள்காரிங்க, ஒரு காப்பி கெடைக்குமுங்களா?" என்று கூப்பிடுவார். நான் வேண்டுமென்றே பிகு பண்ணிக்கொண்டு போவேன். ஐப்பசி மழையில் ஒரு நாள் மத்தியானம் ஆஸ்பத்திரியில் மிஷினில் படுத்திருக்கும்போதே அவர் போய்விட்டார். எனக்கு ஆன சீர் ஒரு கல்யாணத்துக்குக்கூட உதவவில்லை. அதற்குள் எந்த வீட்டிலும் முகூர்த்தம் வரவில்லை.

அண்ணன் வந்து சேர்ந்தபோது தகனம் முடிந்திருந்தது. ஆனால் எனக்குப் பூவையும் பொட்டையும் எடுக்கப் பெண்கள் கூடிய அன்று அவர் வாசற்படியில் நிற்கவில்லை. உள்ளே வந்து எனக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "ஆரும் தொடக்கூடாதுங்க. எடுக்கோணும்னா அவளே எடுத்துக்குவா. இல்லைனா அப்படியே இருக்கட்டும்" என்றார். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. யாரும் கிட்டே வரவில்லை. அதற்காக நான் அவருக்கு எத்தனை ஜென்மத்துக்கும் கடன்பட்டவள். கருமாதி முடிந்ததும் அவர் கிளம்பினார். செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்ற அமைதி முகத்தில் இருந்தது.

அவருக்குத் தெரியாதது ஒன்று நடந்திருந்தது. துக்கம் கேட்க வந்தவர்களில் ஒருத்தி, கிணற்றடியில் நின்று இன்னொருத்தியிடம் சொல்லியிருக்கிறாள். "அன்னைக்கே நெனைச்சனுங்க. எந்தக் கையி தலையில பட்டுதுன்னு பார்த்தீங்கல்ல?" அம்மா குடத்தோடு பின்னால் நின்றிருக்கிறாள்.

எனக்கும் உடனே தெரியவில்லை. என் துக்கம் எனக்கு. கொஞ்ச நாள் கழித்துத்தான் கவனித்தேன். அம்மா என்னைத் தொடுவதில்லை. சோற்றுப் பானையை என் முன்னால் நகர்த்திவிட்டு, "நீயே போட்டுக்கோ கண்ணு" என்கிறாள். கல்லூரி விடுதியிலிருந்து என் மகள் வந்து மடியில் படுத்தால் கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொள்கிறாள். கன்றுக்குட்டியைக்கூடக் குச்சியால்தான் தள்ளுகிறாள். கேட்டதற்கு முதலில் ஒன்றுமில்லை என்றாள். பிறகு உடைந்துபோய், "என்ற கையி பட்டுத்தானே கண்ணு மாப்பிள்ளை போனாரு. உன்ற தாலிய நான்தானே..." என்று சொல்லி முடிக்க முடியாமல் தலையில் அடித்துக்கொண்டாள். நான் கட்டிப் பிடித்தேன், கத்தினேன், டாக்டர் சொன்னதைச் சொன்னேன். என் பேச்சு அவள் காதில் ஏறவில்லை. நஷ்டப்பட்டவளே ஆறுதல் சொன்னால் பாசத்தில் சொல்வதாகத்தானே தோன்றும்.

எனக்கு அண்ணன் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அவர் செய்தது தப்பென்று இல்லை. அவர் செய்தது சரி, இன்றைக்கும் சொல்வேன். ஆனால் சரியானதைச் செய்கிறவன் செய்துவிட்டு ஊருக்குப் போய்விடுகிறான். அதோடு கூட இருந்து பொழைக்க வேண்டியவர்கள் வேறு ஆட்கள்.

அந்த நேரம் பார்த்து அவர் போன் செய்தார். பூத்துக்கு ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள், ஓடினேன். கிணத்துக்கடவில் ஒரு இடம் பார்த்திருப்பதாகவும், துணையில்லாத பெண்களுக்கு ஒரு இல்லம் கட்டப் போவதாகவும், அதற்கு அம்மா பெயரை வைக்கப் போவதாகவும் உற்சாகமாகச் சொன்னார். "அம்மா கையாலயே கல்லு வெச்சுரலாம் அம்மணி" என்றார்.

"எந்தக் கையாலங்க?" என்றேன். அவ்வளவுதான், எனக்குத் தாங்கவில்லை. பூத்துக்காரர் பார்க்கிறார், வெளியே நாலு பேர் காத்திருக்கிறார்கள், ஒன்றும் தெரியவில்லை. "அந்தக் கையைச் சீலைக்குள்ள சுருட்டி வெச்சுக்கிட்டு ஒக்காந்திருக்குது உங்கம்மா. அது பட்டு மாப்பிள்ளை செத்துட்டாருன்னு சொல்லிட்டாங்க. அதுவும் நம்பிருச்சு. சாமிக்கு வெளக்குகூடப் பத்த வெக்கறதில்லை. கட்டடமெல்லாம் வேண்டாமுங்கண்ணா. ஒரு செங்கல்லும் வேண்டாம். நீங்க வாங்க. கூட்டியாந்து முன்னால நிறுத்துனது நீங்கதானே, நீங்களே வந்து பாருங்க."

அந்தப் பக்கத்திலிருந்து "வாரேன்" என்று மட்டும் கேட்டது.

வந்தார், இந்தத் தடவை ஒரே ஒரு பெட்டியோடு, யாருக்கும் சொல்லாமல். அம்மா உள்ளறையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். போய் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அம்மாதான் கேட்டாள்.

"நீ கூப்பிட்டே, நான் வந்தேன். நெசத்தைச் சொல்லு சாமி. நான் வராம இருந்திருந்தா மாப்பிள்ளை இருந்திருப்பாரா?"

"இல்லீங்கம்மா."

"நான் கை வெக்காம இருந்திருந்தா?"

"அப்பவும் போயிருப்பாருங்கம்மா. உங்க கையினால இல்லீங்க."

அம்மா அவர் முகத்தையே பார்த்தாள். "இப்பச் சொல்லிப்போட்டு நீ போயிருவே" என்றாள். "நீ போனதுக்கப்புறம் எனக்கு மறுபடியும் கெணத்தடியில அவிய சொன்னதுதான் கேக்கும். எனக்குச் சொல்றதுன்னா இங்க இருந்து சொல்லு. தெனமும் சொல்லு."

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு அங்கே தொழில் இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது, அவரை நம்பி ஊர் ஊராக ஆட்கள் இருக்கிறார்கள். எழுந்து வெளியே போய்த் தோப்புக்குள் தனியாக நடந்தார். சாயங்காலம் கிணத்துக்கடவுக்குப் போய் அண்ணியோடு போனில் பேசிவிட்டு வந்தார். அங்கே எல்லாவற்றையும் அண்ணி பார்த்துக்கொள்வதென்று முடிவானது. அண்ணன் என் வீட்டுக்காரர் படுத்திருந்த கட்டிலில் தன் படுக்கையை விரித்தார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் காப்பி குடிக்கும்போது அம்மா கேட்பாள், அவர் பதில் சொல்வார். ஒரே கேள்வி, ஒரே பதில். சில நாள் மத்தியானமும் கேட்பாள். எனக்கு எரிச்சல் வந்து, "இப்பத்தானுங்கம்மா சொன்னாரு" என்று கத்துவேன். அவர் ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. கேட்கிற ஒவ்வொரு தடவையும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு, அம்மாவைப் பார்த்து, "உங்க கையினால இல்லீங்கம்மா" என்பார். தோட்டத்தில் தண்ணீர் கட்டினார், தேங்காய் போட ஆள் கூப்பிட்டார், ஆனால் காலையில் அம்மா எழுந்திருக்கும்போது வீட்டில் இருப்பார். மாசங்கள் போயின. தான்சானியாவிலிருந்து வந்த அழைப்பு எதற்கும் அவர் கிளம்பவில்லை. அம்மாவும் கேட்பதை நிறுத்தவில்லை. நம்புகிறாளா இல்லையா என்று எங்களுக்குத் தெரியாது.

பங்குனி வெயிலில் ஒரு வெள்ளிக்கிழமை, நான் தலை குளிக்கலாம் என்று வாசலில் உட்கார்ந்து சிக்கெடுத்துக்கொண்டிருந்தேன். அம்மா வழக்கம் போலக் கேட்டாள். அண்ணன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வழக்கம் போலச் சொன்னார். அம்மா உள்ளே போனாள். எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து என் பின்னால் உட்கார்ந்தாள். திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அண்ணனும் அசையவில்லை.

"சித்தெ குனி கண்ணு" என்றாள்.

நான் குனிந்தேன்.